திறந்த வழியை மூடிக் கொடுங்கள், தம்பிகளே

ஏற்காடு டவுனிலும் நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கமும் வீடு வீடாகக் கேமராவும் வைஃபையும் பில்லிங் கம்ப்யூட்டரும் போட்டுத் தரும் தம்பிகள் எல்லோருக்கும்,

உங்களில் பலரை முகம் பார்த்தால் எனக்குத் தெரியும். சிலருக்கு ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டரை ஏக்கர் காப்பி, நாலு அறை ஹோம்ஸ்டே என்று இந்த மலையிலேயே இருந்துவிட்டேன். ஒரே ஒருவர் செய்த தப்பு என்றால் அவரைக் கூப்பிட்டுப் பேசி முடித்திருப்பேன். மலை முழுக்க ஒரே மாதிரி நடக்கிற வேலை என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன கோடை விழாவுக்கு முந்தின வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் அறை கேட்டுப் பேசினார். படம் அனுப்பச் சொன்னார். உங்களில் ஒருவர் என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்திருந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. லிங்க் கடைசியில 'ரூம்ஸ்'னு இருந்ததை அழிச்சிட்டுத் திறந்து பார்த்தேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது எல்லாம் வரிசையா வருது. யார் யாரோட ஆதார் கார்டோ தெரியுது" என்றார்.

என் போனில் நானும் அதே மாதிரி அழித்துவிட்டுத் திறந்தேன். வெள்ளைப் பக்கத்தில் நீல எழுத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன: காப்பி கணக்கு, பேங்க், கெஸ்ட் ஐடி, கூலி லிஸ்ட், கேமரா. 'கெஸ்ட் ஐடி'யைத் தொட்டேன். முந்தின ஞாயிறு காலி செய்துவிட்டுப் போன புதுமணத் தம்பதியின் ஆதார், முன்பக்கமும் பின்பக்கமும், திரை நிறைய வந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து போய் ரூட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். நாலு பச்சை விளக்கும் ஒன்றாக அணைந்தன. அந்தப் பெங்களூர்ப் பெண் என்னிடம் அறை எடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன்.

தம்பிகளே, அந்த லிங்க்கை நீங்களாக என் தலையில் கட்டவில்லை. நான்தான் கேட்டேன். கேட்கவேண்டிய நிலைமை இந்த மலையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். மகள் சேலத்தில், கணக்குப் பார்ப்பவர் சேலத்தில், காகிதமும் கம்ப்யூட்டரும் மட்டும் இங்கே. எஸ்டேட் முதலாளிகளில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, களத்தில் காயும் காப்பியைக் கேமராவில்தான் பார்க்கிறார்கள். ஒரு பில்லுக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற என்னால் முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எட்டிப் பிடிக்க ஒரு வழி எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். பனியில் கை விறைக்க ஏணி மேல் நின்று அதைப் போட்டுத் தருகிறவர்கள் நீங்கள். அந்த நன்றியை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

ஆனால் அந்த வழியை எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும்.

முதலில் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டீர்கள். வெளியிலிருந்து யார் தட்டினாலும் ரூட்டர் அவர்களை நேராகக் கேமரா பதிவாகும் டிவிஆரிடமோ கம்ப்யூட்டரிடமோ கொண்டுபோய் விட்டுவிடும். "ஏற்காட்டு மூலையில இருக்கிற நம்மள யாரு மேடம் தேடி வரப்போறாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். தேடி வரத் தேவையே இல்லை, தம்பி. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 'இசட்மேப்' என்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். நல்ல வேகமுள்ள ஒரே இணைப்பு இருந்தால், உலகத்தில் இருக்கும் பழைய வகை ஐபி முகவரி அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அடிவாரத்தில் ஏறிய பஸ் ஏரிக்கரை வந்து சேரும் நேரம்தான். எந்தக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி கேமரா என்று பட்டியல் போட்டே வைத்திருக்கும் 'ஷோடன்' போன்ற தேடுபொறிகளும் உண்டு. அவர்களுக்கு நாகலூரும் ஒன்றுதான், நியூயார்க்கும் ஒன்றுதான்.

2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல் செய்ததும் இதைத்தான். கேமராவும் ரூட்டரும் பெட்டியிலிருந்து வரும்போது இருக்கிற பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேல் அதற்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. அந்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் முடங்கிப்போனது, அப்படிப் பிடிபட்ட கேமராக்களைக் கூட்டமாக ஏவிவிட்டதால்தான்.

பிறகு போர்ட் ஃபார்வர்டு பல வீடுகளில் வேலை செய்யாமல் போனது. ஏன் என்று நீங்களே எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். பழைய வகை முகவரி மொத்தமே சுமார் 430 கோடி. ஆசியாவுக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுத்திவைக்கின்றன. ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அந்த வீடு அப்படி நிறுத்தப்பட்ட வீடு; அங்கே என்ன ஃபார்வர்டு போட்டாலும் ஆள் வந்து சேராது. அப்போதுதான் நீங்கள் டனலுக்கு மாறினீர்கள்.

டனல் நல்ல யோசனை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பவம் நடந்த பிறகு சேலத்திலிருந்து அக்கா மகன் வந்து இரண்டு நாள் தங்கினான். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டேன். நம் கம்ப்யூட்டர் தானாக வெளியே போய், தூரத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் அந்தக் கம்பெனியின் வாசலுக்குப் போகிறார். அங்கிருந்து, நாம் பிடித்துக்கொண்டிருக்கும் லைன் வழியாகவே உள்ளே வருகிறார். நம் ரூட்டரில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். என்கிராக் 2013-லிருந்து இதைச் செய்கிறது. கிளவுட்ஃபிளேர் 2018-ல் கொண்டுவந்து 2021-ல் எல்லோருக்கும் இலவசமாகவே விட்டது. இந்த மாதிரி வழிகளில் மூத்தது எஸ்எஸ்ஹெச். 1995-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யுலோனென் அதை எழுதினார். அங்கே நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து போகிற வருகிற பாஸ்வேர்டை எல்லாம் திருடினதுதான் அவரை எழுதவைத்தது. இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே திருட்டைப் பார்த்துப் பதறிய ஒருவரால் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து, பூட்டு இல்லாமல் என் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். டனல், ரூட்டரின் கதவை மூடியது உண்மை. ஆனால் வாசல் இல்லாமல் போகவில்லை. என் வீட்டிலிருந்து நகர்ந்து அந்தக் கம்பெனியின் முகவரிக்குப் போயிருக்கிறது. அங்கே வருகிறவரை "நீங்கள் யார்" என்று கேட்கச் சொல்லி யாராவது சொன்னால்தான் கேட்கும். நீங்கள் சொல்லவில்லை. கணக்கே தொடங்காமல் ஒரு வரி கட்டளையில் கிடைக்கும் அந்த இலவச லிங்க், வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கத் தந்தது என்று அதைத் தரும் கம்பெனியே சொல்கிறது. அதில் என் தொழிலையே உட்காரவைத்தீர்கள். போதாததற்கு, பகிர வேண்டியது அறைப் படங்கள் பன்னிரண்டு மட்டும். நீங்கள் பகிர்ந்தது டி டிரைவ் முழுவதும்.

"லிங்க் எழுத்து கன்னாபின்னான்னு இருக்கும் மேடம், யாராலயும் யூகிக்க முடியாது" என்பீர்கள். யூகிக்கத் தேவையில்லையே. நானே அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் போனது எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியுமா? சொந்தப் பெயரில் முகவரி வைத்து அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்கினால், அந்தப் பெயர் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. முகவரி தெரியாது என்பது பூட்டு ஆகாது. சாவியை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அது.

இதைவிடப் பெரிதாக ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த நீலப் பட்டியலில் 'கூலி லிஸ்ட்' என்று ஒன்று இருந்தது என்றேன் அல்லவா? பறிப்புக் காலத்தில் மேல் ஊர்களிலிருந்து என் தோட்டத்துக்கு வரும் பதினோரு பெண்களின் ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், கைரேகை வைத்த ரசீது எல்லாம் அதில் இருக்கின்றன. கூலியைக் கணக்கில் போடலாம் என்று நான்தான் வாங்கி ஸ்கேன் செய்தேன். கூடையை முதுகிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, மடியில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த பாஸ்புக்கை எடுத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார்கள். எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டீச்சரம்மா கேட்டால் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை. தங்க வருகிற விருந்தாளிக்காவது, தன் ஆதார் வெளியே தெரிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும். எனக்குப் போன் செய்து சொல்லத் தெரியும். இந்தப் பெண்களின் கணக்கிலிருந்து நாளைக்கு ஒரு ஆயிரம் ரூபாய் போனால், எங்கிருந்து கசிந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? அவர்கள் என்னை நம்பினார்கள். நான் உங்களை நம்பினேன். இந்த வரிசையில் கடைசியில் நிற்பது நீங்கள்தான்.

அடுத்த குறையையும் சொல்லிவிடுகிறேன். என் டிவிஆரின் பாஸ்வேர்டும் என் பக்கத்து எஸ்டேட் டிவிஆரின் பாஸ்வேர்டும் ஒன்று. கீழே இருக்கிற லாட்ஜிலும் அதுவே. கடைப் பெயரும் 123-ம். எங்கே கூப்பிட்டாலும் மறக்காமல் இருக்க அப்படி வைத்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் உங்களிடம் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்ட பையனுக்கும் அது தெரியும்தானே? அவன் நல்லவனாகவே இருக்கலாம். என் விருந்தாளிகள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்க்கும் உரிமையை அவனுக்கு நான் கொடுக்கவில்லை.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நடந்தது செய்தியில் வந்தது. பரிசோதனை அறையில் பெண்களைப் படம்பிடித்த சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விற்பனைக்கு வந்தன. விசாரணையில், அந்தக் கேமராக்களின் பாஸ்வேர்டு முதலில் வைத்ததையே மாற்றாமல் விட்டது தெரியவந்தது. 'அட்மின்123' என்று எழுதின பத்திரிகைகளைப் படித்தபோது எனக்கு நம் மலையின் ஒவ்வொரு வராண்டாவும் கண்ணுக்குள் வந்தது. இங்கே தேனிலவுக்கு வருகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறார்கள். ராத்திரி குளிருக்குப் போர்த்திக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். அந்த வராண்டாவில் கேமரா இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று போர்டும் மாட்டியிருக்கிறோம்.

சட்டமும் சும்மா இல்லை. 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். நாலு அறை வைத்திருக்கும் என்மேல் அவ்வளவு பாயாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விருந்தாளியின் ஆதாருக்குப் பொறுப்பு வீட்டுக்காரர்தான் என்பது தெளிவு. அப்படி ஒரு பொறுப்பு எங்கள்மேல் இருக்கிறது என்பது இந்த மலையில் எத்தனை வீட்டுக்காரருக்குத் தெரியும்? கருவி போட வரும்போது நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் தெரியும்.

சரியாகச் செய்யக் காசு அதிகம் ஆகும் என்று சொல்லாதீர்கள். என் வீட்டில் அக்கா மகன் ஒரு சாயங்காலத்தில் முடித்தான். நடுவில் கரண்டு வேறு போய் வந்தது. அறைப் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு அதை மட்டும் வெளியே விட்டான். கேமரா பக்கத்துக்கு முன்னால் ஒரு வாயிலை வைத்தான்: நான் பட்டியலில் எழுதிய மெயிலுக்கு ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் எண் வரும், அதைப் போட்டால்தான் திறக்கும். பட்டியலில் மூன்றே பேர். இதற்கு ஆன செலவு வருடத்துக்கு ஒரு டொமைன் பெயர் வாங்கும் பணம். கணக்கு வழக்கும் கூலி லிஸ்டும் இருக்கும் ஃபோல்டருக்கு வேறு ஏற்பாடு. கிளவுட்ஃபிளேர் மாதிரி நடுவில் இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பூட்டுத் திறந்துதான் மறுபடி பூட்டப்படுகிறது. அவர்கள் நினைத்தால் உள்ளே போவதைப் பார்க்க முடியும் என்று அவன் சொன்னபோது, பேங்க் காகிதத்தை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் என் கம்ப்யூட்டர், மகள் கம்ப்யூட்டர், கணக்குப் பார்ப்பவர் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் நடுவே டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டான். அது ஒயர்கார்டு முறையில் போகிறது. சுமார் நாலாயிரம் வரிகளில் எழுதப்பட்டு, 2020 மார்ச்சில் லினக்ஸின் உள்ளுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பட்ட முறை. பூட்டு என் கம்ப்யூட்டரில் விழுகிறது, மகள் கம்ப்யூட்டரில்தான் திறக்கிறது. நடுவில் யாருக்கும் தெரியாது. வெளி உலகத்துக்கு லிங்க் என்று ஒன்றே கிடையாது. அதிலும் 'ஃபனல்' என்ற ஒன்றைத் தட்டிவிட்டால் எல்லோருக்கும் திறந்துவிடுமாம். 'சர்வ்' என்றால் நம் ஆட்களுக்கு மட்டும். ஒரு வார்த்தை வித்தியாசம். அதைத் தெரிந்து தட்டுகிறவருக்குத்தானே நாங்கள் காசு கொடுக்கிறோம்?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கி, பறிப்புக்கு ஆட்கள் இறங்குவதற்குள், நீங்கள் இதுவரை வேலை செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை திரும்பப் போய்வாருங்கள். உங்களிடம் பழைய பில் புக் இருக்கும், அதுவே பட்டியல். ரூட்டரில் போட்ட ஃபார்வர்டை எல்லாம் எடுத்துவிடுங்கள். கருவிகள் தாமாகவே கதவு திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். சோதனை லிங்க்கில் ஓடுவது எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். டனல் வேண்டும் என்கிற வீட்டில், ஆள் யார் என்று கேட்கும் வாயிலோடு போடுங்கள். வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரர் மெயிலில் கணக்குத் தொடங்கிப் போடுங்கள். இன்றைக்குப் பாதி வீடுகளின் டனல் உங்கள் சொந்தக் கணக்கில் ஓடுகிறது. உங்கள் போன் தொலைந்தால் எங்கள் வீடும் தொலைந்த மாதிரி. எந்த ஃபோல்டர் வெளியே தெரியும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அதை மட்டும் விடுங்கள். ரிப்பேருக்கு நீங்கள் உள்ளே வரவேண்டி இருந்தால் தனிப் பெயரில் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதை நாங்களே மூடக் கற்றுக்கொடுங்கள்.

இதற்கு விசிட் சார்ஜ் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். கேமரா மாட்டினால் காசு, பூட்டுப் போட்டால் இலவசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததும் இந்த நிலைமைக்கு ஒரு காரணம். எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டேக்காரர்களிடமும் சின்ன எஸ்டேட்காரர்களிடமும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யாராவது ஒருவர் என் வீட்டிலிருந்தே தொடங்கலாம். டனல் சரியாகிவிட்டது, டிவிஆரில் இன்னும் உங்கள் கடைப் பெயரும் 123-ம் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். அதை எப்படி மாற்றுவது என்று நீங்கள்தான் எனக்குக் காட்டவேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், பனி விலகியிருக்கும். காப்பி போட்டுத் தருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தான், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். நான் புது பாஸ்வேர்டை அடிக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
நாகலூர் ரோடு, ஏற்காடு